வாக்களியாமை வேறு, புறக்கணிப்பு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.நா.வில் ஒரு தீர்மானத்தை இந்தியா ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்றால் மறுநாள் தமிழ்ச் செய்திகளில் வரும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வாக்கெடுப்பைப் புறக்கணித்தது இந்தியா’. உங்கள் இதழும் இதற்கு விலக்கல்ல. இது வெறும் சொல் தவறு என்றால் கடிதம் எழுதத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லால் நாட்டின் நிலைப்பாடே வாசகருக்குத் தவறாகப் போய்ச் சேருகிறது.

புறக்கணிப்பது என்றால் அவைக்கே வராமலிருப்பது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தபோது சோவியத் ஒன்றியம் பாதுகாப்பு அவையில் செய்தது அதைத்தான். சீனாவின் இருக்கையில் தைவான் அரசு அமர்ந்திருப்பதை எதிர்த்து அது ஜனவரியிலிருந்தே வரவில்லை. வந்திருந்தால் ஒரே வீட்டோவில் (நிரந்தர உறுப்பினரின் எதிர்வாக்கு, அது ஒன்றே தீர்மானத்தை வீழ்த்தும்) கொரியத் தீர்மானங்கள் விழுந்திருக்கும். ஜூன் 25 தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஜூன் 27 அன்று அடுத்த தீர்மானம் வந்தபோது தலைநகரிலிருந்து அறிவுறுத்தல் வந்து சேராததால் இந்தியாவும் எகிப்தும் வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை. ஆக ஆதரவு, எதிர்ப்பு, வாக்களியாமை, பங்கேற்காமை, வராமை என ஐந்து நிலைகள் உண்டு. பொதுச்சபையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என மூன்று பொத்தான்கள். மஞ்சளை அழுத்துபவர் அவையில் இருக்கிறார், ‘நான் வாக்களிக்கவில்லை’ என்று பதிவும் செய்கிறார். இந்தியா பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

அந்த மஞ்சளின் எடை இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் நம் செய்திகளில் வராத விஷயம். பாதுகாப்பு அவையில் 15 பேர். தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். ஏழு பேர் கையைத் தூக்காமல் இருந்தாலே போதும், வீட்டோ இல்லாமலே தீர்மானம் செத்துவிடும். 2014 டிசம்பர் 30 அன்று பாலஸ்தீனம் பற்றிய வரைவுக்குக் கிடைத்தது 8 ஆதரவு, 2 எதிர்ப்பு. ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. ஒரு வாக்கு குறைந்ததால் அது தோற்றது. அமெரிக்கா எதிர்த்து வாக்களித்திருந்தும் கணக்கில் அந்த வீட்டோவுக்கு வேலையே இருக்கவில்லை. அங்கே வாக்களியாமை என்பது ஏறக்குறைய எதிர்ப்பு.

பொதுச்சபையில் கணக்கு தலைகீழ். முக்கியமான விஷயங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் ‘வந்திருந்து வாக்களித்தவர்’களில் மூன்றில் இரண்டு, மஞ்சள் அழுத்தியவர்கள் அதில் சேர்வதில்லை. 2022 ஏப்ரல் 7 அன்று ரஷ்யாவை மனித உரிமைகள் பேரவையிலிருந்து இடைநீக்கம் செய்த தீர்மானத்தைப் பாருங்கள்: ஆதரவு 93, எதிர்ப்பு 24, வாக்களிக்காதவர்கள் 58. மொத்த உறுப்பினர்கள் 193 என்னும்போது 93 பாதிகூட இல்லை. ஆனால் கணக்குக்கு வந்தது 93ம் 24ம் சேர்ந்த 117 மட்டுமே. அதில் 78 போதும். அந்த 58 பேரில் 23 பேர் எதிர்த்து வாக்களித்திருந்தால் 140இல் 93 ஆகி, தீர்மானம் மயிரிழையில் தோற்றிருக்கும். அந்த 58இல் இந்தியாவும் ஒன்று. ‘இந்தியா ரஷ்யாவைக் காப்பாற்றியது’ என்று எழுதியவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை.

நடைமுறை வாக்கெடுப்பு என்பது இன்னொரு வகை. அதில் வீட்டோ கிடையாது. 2022 ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் அதிபர் காணொளி வழியே பாதுகாப்பு அவையில் பேசலாமா என்பதை ரஷ்யா வாக்கெடுப்புக்கு விட்டது. 13 ஆதரவு, 1 எதிர்ப்பு, சீனா வாக்களிக்கவில்லை. 13இல் இந்தியா உண்டு. ‘முதல்முறையாக ரஷ்யாவுக்கு எதிராக இந்தியா’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு போட்டார்கள். ஒருவர் பேசலாமா என்ற கேள்விக்கும் போர் சரியா என்ற கேள்விக்கும் உள்ள தூரம் அந்தத் தலைப்புகளில் காணாமல் போனது. அதே ஆண்டு ஜனவரி 31இல் உக்ரைன் பற்றிக் கூட்டம் நடத்தலாமா என்ற நடைமுறை வாக்கெடுப்பில் இந்தியா வாக்களிக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் எங்கே என்று தெரியும்.

அடுத்து, எந்தப் பத்திக்காக என்ற கேள்வி. முழுத் தீர்மானத்துக்கும் இறுதியில் ஒரே வாக்குதான் என்றாலும், ஒரு நாட்டின் கை நிற்பது பெரும்பாலும் ஒரு பத்தியில்தான். 1956 நவம்பர் 9 அன்று ஹங்கேரி பற்றிய தீர்மானத்தை இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஐ.நா. மேற்பார்வையில் சுதந்திரத் தேர்தல் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. அந்த முன்மாதிரி நாளை காஷ்மீருக்கு வரும் என்ற கவலை டெல்லிக்கு. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குள் நுழைந்த சோவியத் டாங்கிகளைப் பற்றி அந்த வாக்கு என்ன சொன்னது என்று கேட்டால் பதில் சங்கடமானதுதான். ஆனால் காரணம் தெரியாமல் விமர்சிப்பதைவிடத் தெரிந்து விமர்சிப்பது மேல்.

காரணத்தை ஊகிக்க வேண்டியதும் இல்லை. வாக்கு விளக்கம் என்று ஒன்று உண்டு. வாக்கெடுப்புக்கு முன்போ பின்போ பிரதிநிதி பேசுவது. பொதுச்சபையில் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. லிபியா மீது பறக்கத் தடை விதித்த 1973ஆம் எண் தீர்மானத்தின்போது (2011 மார்ச் 17, 10 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஐவர் வாக்களிக்கவில்லை) இந்தியத் துணைப் பிரதிநிதி சொன்னது, களநிலவரம் பற்றி நம்பத்தகுந்த தகவல் போதிய அளவில் இல்லாமலே இவ்வளவு தூரம் போகும் நடவடிக்கைகளுக்கு அவை அனுமதி தருகிறது என்பது. லிபியாவில் பிறகு நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டில் டெல்லி எழுதிய உருப்படியான பக்கங்களில் அது ஒன்று. நம் நாளிதழ்களில் வந்தது என்னவோ ‘இந்தியா நழுவல்’ என்ற தொனிதான்.

சொல் மொழிபெயர்ப்பு இன்னொரு தலைவலி. தீர்மானங்களில் ‘கண்டிக்கிறது’ என்பதற்கும் அதற்கு ஒரு படி கீழே நிற்கும் ‘வன்மையாக வருந்துகிறது’ வகைச் சொல்லுக்கும் இடையே பல நாள் பேரம் நடக்கும். தமிழில் இரண்டையும் ‘கண்டனம்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். 2003 ஏப்ரலில் இராக் போர் குறித்து நம் மக்களவை நிறைவேற்றிய தீர்மானத்தை நினைவுபடுத்துகிறேன். இந்தியில் ‘நிந்தா’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் அதைவிட மென்மையான சொல். எதிர்க்கட்சிக்கு நிந்தை, வாஷிங்டனுக்கு வருத்தம். இரு மொழிகளுக்கு நடுவே ஒரு வெளியுறவுக் கொள்கையே நின்றது.

காசா விஷயத்தில் இந்தியாவின் வாக்குகளைத் தொகுத்துப் பார்த்தால் அரசுத் தரப்பு விளக்கங்கள் எனக்குப் போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 27 அன்று போர் இடைநிறுத்தம் கோரிய தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்கவில்லை. ஆனால் அதே நாளில் ஹமாஸைக் கண்டித்துக் கனடா கொண்டுவந்த திருத்தத்தை ஆதரித்தது. அந்தத் திருத்தம் 88-55 என்று வந்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு எட்டு வாக்கு குறைந்து விழுந்தது. பயங்கரவாதம் பற்றிப் பேசாத தீர்மானம் என்பதே இந்தியா சொன்ன குறை, ஏற்கலாம். டிசம்பர் 12இல் வந்த தீர்மானமும் ஹமாஸ் பெயரைச் சொல்லவில்லை. பணயக் கைதிகள் அனைவரையும் விடுவிக்கக் கோரியது. அதை இந்தியா ஆதரித்தது (153-10-23). இதுவும் சரி. 2024 டிசம்பரில் போர்நிறுத்தத்தை ஆதரித்த 158 நாடுகளில் இந்தியாவும் இருந்தது. ஆறே மாதத்தில், 2025 ஜூன் 12 அன்று, 149 நாடுகள் அதே போர்நிறுத்தத்தைக் கோரியபோது வாக்களிக்காத 19இல் போய் நின்றது. முந்தைய வாக்களியாமைகளின் தொடர்ச்சி என்பது விளக்கம். நடுவில் இருக்கும் டிசம்பர் எங்கே போனது? கேட்க வேண்டிய கேள்வி இது. ‘புறக்கணித்தது’ என்ற சொல் இருக்கும் வரை இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இலங்கை பற்றி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கொண்டுவந்த தீர்மானங்களிலும் நாம் பார்ப்பது வாக்கை மட்டும். 2012இல் இந்தியா ஆதரித்தது (24-15-8) என்று இங்கே கொண்டாடப்பட்டது. ஐ.நா. தரும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் ‘இலங்கை அரசின் ஒப்புதலுடன்’ இருக்க வேண்டும் என்ற தொடர் இந்தியாவின் வற்புறுத்தலால் உள்ளே நுழைந்ததை எத்தனை பேர் எழுதினார்கள்? 2014இல் சர்வதேச விசாரணை என்று வந்ததும் இந்தியா வாக்களிக்கவில்லை. முதல் ஆண்டின் அந்தத் தொடரைப் படித்தவருக்கு மூன்றாம் ஆண்டின் மஞ்சள் பொத்தான் வியப்பளித்திருக்காது.

இனி இப்படிச் செய்தி வெளியிடும்போது ஆதரவு, எதிர்ப்பு, வாக்களியாமை ஆகிய மூன்று எண்களையும், வாக்கு விளக்கத்திலிருந்து நாலு வரியையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். மூன்றையும் கூட்டி 193இலிருந்து கழித்தால் மீதியும் கிடைக்கும். உக்ரைன் மீதான 2022 மார்ச் 2 தீர்மானத்தில் அது 141, 5, 35, மீதி 12. ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லை அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான் வைத்துப் பார்க்க முடியும். அவர்களிலும் வெனிசுவேலா சந்தா பாக்கியால் வாக்குரிமையையே இழந்திருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்