ஸ்டென்ட் வைத்ததோடு தீர்ந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் குழந்தைகளின் இதயக் கோளாறுகள் பற்றி வந்த கட்டுரையில், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி பிறவியிலேயே சுருங்கியிருந்தால் ஸ்டென்ட் வைத்தால் போதும், அதோடு நோய் தீர்ந்தது என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இதே நோய்க்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என் கணவரின் அண்ணன் அந்த வரியில் விரலை வைத்து, "பத்திரிகையிலேயே போட்டிருக்கு, இன்னும் எதுக்குப் பிள்ளைக்கு மாத்திரையைக் குடுத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். மாமியாரும் அவர் பக்கம். பல வருடமாக உங்கள் இதழ் வாங்கும் வீடு இது. நான் சொன்னால் எடுபடாது, நீங்கள் அச்சடித்தால் எடுபடும்.

ஸ்டென்ட் என்பது ஒரு கம்பி வலைக் குழாய். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், சுருங்கிய இடத்தில் பலூனால் விரித்து வைக்கிறார்கள். பிள்ளை வளரும், கம்பி வளராது. அதனால்தான் கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை; 20, 25 கிலோ எடை வந்த பிள்ளைகளுக்குத்தான், பின்னால் விரித்துக்கொள்ளக்கூடிய ஸ்டென்ட்டாகப் பார்த்து வைக்கிறார்கள். வளர வளர மறுபடி பலூன் போட வேண்டி வரலாம். சுருக்கம் சரியானாலும் பிரஷர் இறங்காமல் இருக்கலாம். வைத்த இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் புடைக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்கப் பரிசோதனை உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இது முதல் தடவையும் இல்லை. குழந்தைக்கு இதயத்தில் எந்தக் கோளாறு என்றாலும் 'இதயத்தில் ஓட்டை' என்று தலைப்பு, பூங்கொத்தோடு ஒரு படம். அந்தப் பிள்ளை அப்புறம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா?

நோயைக் கண்டுபிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. என் மகன் ஓடி விளையாடிவிட்டு வந்தால் கால் வலிக்கிறது என்பான். அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம். மேலூரிலும் மதுரையிலும் காட்டிய இடமெல்லாம் வளர்கிற வயசு, வெயில் சூடு என்றே அனுப்பினார்கள். பிரஷர் பாருங்கள் என்றால் சின்னப் பிள்ளைக்கு எதுக்கும்மா என்றார்கள், பெரியவர்களுக்குக் கட்டுகிற பட்டைதான் இருக்கிறது என்றார்கள். கடைசியில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஒரு இளம் டாக்டரம்மா, ஒரு கையால் அவன் மணிக்கட்டையும் இன்னொரு கையால் தொடை இடுக்கையும் பிடித்துப் பார்த்தார். பேசாமல் மறுபடி பிடித்தார். மேலே நாடி துள்ளுகிறது, கீழே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உடனே கையிலும் காலிலும் பிரஷர் பார்த்தார். கையில் அதிகம், காலில் குறைவு. நடுவில் பெருந்தமனி சுருங்கியிருப்பதற்கு அதுதான் அடையாளம். காசே செலவில்லாத சோதனை. 1944லேயே ஸ்வீடனில் அறுவை செய்து சரிசெய்த நோய்க்கு, இன்றைக்கும் விரல் வைத்துப் பார்க்க ஆளில்லை என்றால் வயிறு எரியாதா?

அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஸ்டென்ட் வைத்த பிள்ளையைச் சொன்ன தேதிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இடமிருந்தால் கை, கால் பிரஷர் விஷயத்தையும் சேருங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் என் மாமியாரும் தானே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.