குன்னூரில் அத்தி பழுக்கத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டுத் தடுப்புச்சுவரை ஒட்டி நிற்கும் சீமை அத்திகள் இந்த ஆண்டு வைகாசி தொடங்கி ஆடி வரை பழம் கொடுத்தன. எந்த ரகம் குன்னூருக்கு ஆகும், எது ஆகாது என்று இப்போது ஓரளவு துணிந்து சொல்ல முடிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் என்னையே பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் பிறர் உழைப்பு. அவர்களுக்குச் சேர வேண்டியதை எழுத்தில் சேர்த்துவிடுகிறேன்.

முதல் வணக்கம் வெலிங்டனில் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கு. புனேயில் பணியாற்றிய நாட்களில் பழகிய, அதே மாவட்டத்துப் புரந்தர் வட்டார விவசாயி ஒருவரிடம் சொல்லி, ஈரச் சாக்கில் சுற்றிய புனே அத்திப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சிகளை, வரவழைத்துக் கொடுத்தார். 2016-இல் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் புரந்தர் அத்திதான். போத்தைவிடப் பெரிய உதவி, கூடவே அவர் சொன்ன சேதி. அங்கே ஒரே மரத்தில் மழைக்கால மகசூல் ஒன்று, வெயில்கால மகசூல் ஒன்று எடுக்கிறார்களாம். முன்னதற்குக் 'கட்டா பஹார்', பின்னதற்கு 'மீட்டா பஹார்' என்று பெயர். மழையில் பழுத்தால் புளிப்பு, வெயிலில் பழுத்தால் தித்திப்பு. இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் செடிகளின் நாட்கணக்கையே மாற்றினோம். குன்னூருக்குத் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சாரலோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கொட்டித் தீர்க்கும். அப்போது பழுக்க வரும் அத்தி வெடித்துப் புளித்துவிடும். ஆகவே மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் கவாத்து. எதை வெட்டுவது, எந்தப் பழைய குச்சியை முதல் காய்ப்புக்கு விட்டுவைப்பது என்று கத்தி பிடித்துக் காட்டியவர் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி அண்ணன். கூலி வாங்க மறுத்துவிட்டார். தேயிலைக்கு உகந்த அமில மண்ணில் அத்தி சுணங்கும் என்று சொல்லி டோலமைட் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிவந்து போட்டவரும் அவரே.

பர்லியாறு பழக்கடை அண்ணனுக்கும் ஊட்டியிலிருக்கும் என் நாத்தனாருக்கும் ஒன்றாகவே நன்றி சொல்ல வேண்டும். பிரவுன் டர்க்கி என்ற ரகத்தில் ஒரே செடியின் போத்துகளை மூன்று உயரங்களில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது இருவரும் சிரித்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். பர்லியாறு குன்னூரின் பாதி உயரம்தான் இருக்கும். அங்கே காய் மளமளவென்று பருத்து எங்களுக்கு வெகு முன்னதாகப் பழுத்துவிட்டது. ஏறத்தாழ 1,850 மீட்டரில் எங்கள் செடி நிதானமாக வந்தது. பழம் சிறிது, வாசனை கூடுதல். 2,240 மீட்டரில் ஊட்டிச் செடியின் இளந்தளிரை உறைபனி கருக்கிவிட்டது. அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது என்றாலும் காய்கள் பச்சையாகவே நின்றுவிட்டன. நாத்தனார் அதைப் பிடுங்காமல் இன்னும் வைத்திருப்பதை என் மீதுள்ள அன்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று தெருவே தயங்கி நின்றபோது கைகொடுத்தவர் விலங்கியல் டீச்சர் அம்மா. பழமொழி நம் காட்டு அத்தியைச் சொல்கிறது. நாங்கள் வளர்ப்பவை குளவியின் துணையில்லாமலே பழுக்கும் ரகங்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். ஸ்மிர்னா வகைக்கு மட்டும் குளவி கட்டாயம் வேண்டும். கலிபோர்னியாவில் 1880-களில் அதை நட்டவர்கள், காயெல்லாம் உதிர்வதைப் பார்த்துத் தவித்து, 1899-இல் குளவியை வரவழைத்த பிறகே பழம் கண்டார்கள். ஆகவே ஸ்மிர்னா நாற்று என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நாற்று விற்பவர்களைப் பற்றி வேறு என்ன சொல்ல! கறுப்பாகப் பழுக்கும் 'பிளாக் மிஷன்' ரகம் என்று விலை வைத்து ஒரு நாற்றங்காலில் எனக்குக் கொடுத்தது பச்சைத் தோலோடு பழுக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பச்சையும் ருசிதான், அதனால் பிழைத்தது.

ருசி பார்த்த கதைக்கு வருகிறேன். பழங்களை நறுக்கி, பெயர் சொல்லாமல் எண் சீட்டு மட்டும் வைத்துத் தட்டில் அடுக்கினோம். காம்பைக் கிள்ளினால் பால் வரும் காயை நான் சேர்க்கவில்லை. கழுத்துத் துவண்டு, தோலில் மயிரிழையாய் வெடிப்பு ஓடி, பழத்தின் அடியிலுள்ள துளையான அடிக்கண்ணில் ஒரு சொட்டுத் தேன் நிற்பதை மட்டுமே பறித்தேன். பறித்த பிறகு அத்தி பழுக்காது. தெருப் பிள்ளைகள் டயானா ரகத்தின் பருமனைப் பார்த்து முதலில் அதை எடுத்தார்கள். இரண்டாம் முறை கை எல்லாம் புனே அத்திப் பக்கம் போனது. பெரியவர்கள் பெரும்பாலும் கொனாட்ரியாவைச் சொன்னார்கள். அத்தி ஆய்வாளர் ஐரா காண்டிட் கலிபோர்னியாவில் உருவாக்கி 1956-இல் வெளிவந்த ரகம் அது. அடிக்கண் சிறியது என்பதால் எறும்பும் மூடுபனி ஈரமும் எளிதில் உள்ளே போவதில்லை. டயானாவின் கண் அகலம். பர்லியாற்றில் கற்கண்டாக இருந்தது இங்கே பாதிக்குப் பாதி புளித்தது. என்னைக் கேட்டால் குன்னூருக்குக் கொனாட்ரியா, இடமிருந்தால் பக்கத்தில் ஒரு புனே. பிரவுன் டர்க்கி தவறாமல் காய்க்கும், அவ்வளவுதான்.

பழைய வேட்டிகளைக் கிழித்துப் பழத்துக்குப் பை தைத்துத் தந்த தையல் அக்காவுக்குக் கொண்டைக்குருவிகளின் சாபம் எல்லாம் சேரட்டும், எங்கள் நன்றியும் சேரட்டும். கனிந்ததை இருட்டும் முன் பறித்துவிடுங்கள், உதிர்ந்ததையும் கூட்டி அள்ளுங்கள், வாசனைக்குக் கரடி வரும் என்று எச்சரித்த வனக்காவலர் தம்பிக்கும் நன்றி. துருநோய் வந்த இலைகளைக் குனிந்து பொறுக்கி எரித்த என் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வரும் மார்கழிக் கவாத்தில் வெட்டும் குச்சிகளை எறியப்போவதில்லை. வேண்டுவோர் தை பிறப்பதற்குள் ஈரச் சாக்கோடு வீட்டுக்கு வாருங்கள். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம். பால் வடிந்து வெட்டுவாய் உலர்ந்த பிறகே மண்ணில் ஊன்றுங்கள். கொனாட்ரியா போதிய அளவு இருக்கும். புனே அத்தியில் மட்டும் சுபேதார் ஐயா கேட்டதுபோக மிச்சம்தான்.

நன்றியுடன்,
தடுப்புச்சுவர் வீட்டுக்காரி,
குன்னூர்