பாம்பும் ஏணியும் நம்ம ஊருடையதாக இருக்கட்டும்

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகர் இருக்கிறவர்களுக்காகப் போனில் ஒரு விளையாட்டு செய்யப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து என் மனசு அதிலேயே கிடக்கிறது. பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

சுகர் குறைந்தால் பாயின்ட் என்று மட்டும் வைத்துவிடாதே கண்ணு. மீட்டரில் 260 வந்தால் பாயின்ட் போய்விடும் என்றால் இங்கே யாரும் விரலில் குத்திப் பார்க்கவே மாட்டார்கள். ஏற்கெனவே டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் வாயைக் கட்டுகிறவர்கள் நிறைய. ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாசச் சுகர் கணக்கையும் சொல்லிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. சுகர் பார்த்ததற்கே பாயின்ட் கொடு. ஏன் ஏறியது, என்ன சாப்பிட்டோம், நடந்தோமா, மாத்திரை போட்டோமா என்று யோசித்தால் இன்னும் கூட்டிக் கொடு.

பீடி சுற்றுகிற பெண்களோடு நான் ஆடுவது வைகுண்ட ஏகாதசிக்கு ஆடுகிற அதே பரமபதம்தான். கட்டங்களில் நம் வீட்டு விஷயங்களை எழுதியிருக்கிறேன். போன வாரம் ஒருத்தியின் காய் வந்து நின்ற கட்டம்: "ஆடிக் கிருத்திகை விரதம். மாத்திரை போட்டாச்சு, சாப்பிடல. பதினோரு மணிக்குக் கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது." மோர் குடி என்றாள் ஒருத்தி. கொஞ்சம் படு, சரியாயிடும் என்றாள் இன்னொருத்தி. ஒரு பெரியம்மா, "ரத்தினகிரி படியில எனக்கு இப்படித்தான் வந்துச்சு, முருகன் சோதிக்கிறான்னு நெனச்சேன்" என்றார். சுகர் ரொம்ப இறங்கிப்போனதுதான் அது என்று சொல்லி, நான் சர்க்கரை டப்பாவையும் டம்ளரையும் நடுவில் வைத்தேன். ஒவ்வொருத்தராக மூன்று டீஸ்பூன் தலைதட்டி அளந்து போட்டார்கள். ஏறக்குறைய 15 கிராம். தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்துச் சுகர் பார்க்கணும். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு தடவை. ஏறியதும் விரதத்தை விட்டுச் சாப்பிட்டுவிடணும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும். நர்ஸாக இருந்த வருஷமெல்லாம் இதை நான் வாயால் சொல்லித்தான் வந்தேன். ஸ்பூனைப் பிடித்து அளந்தவர்கள் அடுத்த வாரமும் பிசகாமல் சொல்கிறார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம், கிளிமிபிரைடு மாத்திரையும் இன்சுலினும்தான் பட்டினியில் இறக்கிவிடும். இதையும் எங்காவது ஒரு கட்டத்தில் சேர்த்துக்கொள்.

பீட்சா, பர்கர் படம் போட்டால் "இது நமக்கில்ல" என்று தள்ளிவிடுவார்கள். நம்ம ஊர்ப் பாம்பு வேறு. கேழ்வரகுதானே என்று மூன்று உருண்டை களி வைத்துக்கொள்வது ஒரு பாம்பு. அரிசிக்குக் கிட்டத்தட்ட சமமான மாவுச்சத்து அதிலும் இருக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போவது அதைவிடப் பெரிய பாம்பு. கால் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது, வீட்டுக்கு வந்து சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். ராத்திரி படுக்கும்முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது அதற்கு ஏணி. கரிகிரி ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளுக்குச் செய்கிற எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு மரத்த சுகர் காலுக்கும் உதவும், அதற்கும் ஒரு ஏணி வை.

பாம்பு கடித்தால் சும்மா இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. எப்படி ஆச்சு என்று அவள் சொல்லணும். யாரும் திட்டக் கூடாது. நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று மற்றவர்கள் சொல்லணும். வீட்டில் புருஷனிடமும் மருமகளிடமும் சொல்லாததெல்லாம் அங்கே வெளியே வருகிறது. தனியாகப் போனைத் தட்டிக்கொண்டிருந்தால் இது நடக்காதே பாப்பா. ஒரு போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி செய்ய முடியுமா என்று உங்கள் ஆட்களிடம் கேள்.

எழுத்தைப் பெரிதாக வை, நிறைய பேருக்குக் கண் மங்கியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் வேண்டும், அது நம்ம பக்கத்துப் பேச்சிலேயே இருக்கட்டும். போனில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அட்டையில் வரைந்து எனக்கு அனுப்பு. இவர்களோடு ஆடிப் பார்த்துவிட்டு, எந்தக் கட்டம் புரியவில்லை என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா