அம்மாவும் நானும் கோர்ன்வாலுக்குக் கார் ஓடிய கதை

ஹரோ
ஆனி 20

அன்பு மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கிற கோர்ன்வாலுக்குக் கார் ஓடித்தான் போனோம். "இந்த வயதில் நெடுந்தூரம் வேண்டாம் அப்பா, ரெயின் எடுங்கோ" என்று நீ மூன்று தரம் சொன்னாய். அங்கே பென்சான்ஸ் ஊர் வரைக்கும் ரெயின் இருக்குத்தான். ஆனால் கோர்ன்வாலில் பார்க்க வேண்டியதில் பாதி, ரெயின் எட்டியும் பார்க்காத இடத்தில் கிடக்கிறது. அம்மாவின் முழங்காலோடு பஸ்சுக்கு ஓட ஏலுமே? வாசித்து முடித்த பிறகு ஏசு.

ஏ303 றோட்டால் போனோம். ஸ்ரோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தடியில் எல்லாக் காரும் ஆமை மாதிரி ஊரும், ஓடுகிறவனும் கல்லைத்தானே பார்க்கிறான். ரிக்கற் எடுக்காமலே பார்த்தாச்சு என்று அம்மாவுக்குச் சந்தோசம். பிறகு ஏ30. லோன்ஸ்டன் ஊருக்குச் சற்று முன்னால் தாமர் ஆற்றைக் கடந்தால் கோர்ன்வால்.

அதுவரைக்கும் நான் நல்ல சாரதி. பெரிய றோட்டை விட்டு இறங்கினால் எல்லாம் ஒழுங்கை. எங்கள் ஊர் ஒழுங்கை மாதிரியேதான், இரண்டு பக்கமும் ஆளை மறைக்கிற வேலி. எங்களுக்குக் கிடுகு, இவர்களுக்குக் கல்லை அடுக்கி நடுவில் மண்ணை நிரப்பி, மேலே புல்லும் பூவும் முளைக்கவிட்ட வேலி. பார்க்கப் பச்சையாய், மெத்தென்று இருக்கும். உள்ளே கருங்கல். ஊதா நிறத்தில் ஃபொக்ஸ்குளோவ் பூக்கள் கதவை உரசிக்கொண்டே வரும். ஒரு வளைவில் உழவு இயந்திரம் ஒன்று முன்னுக்கு வந்து நின்றது. அது பின்னுக்குப் போகிற சாதி இல்லை. ஒதுங்குகிற இடமோ எனக்கு நூறு யார் பின்னால். அம்மா இறங்கிப் பின்னுக்கு நின்று, "வாங்கோ, வாங்கோ, இடமிருக்கு, வாங்கோ" என்று கைகாட்ட, பத்திரமாக ஒதுக்கினேன். கடந்து போகும்போது அந்த மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். அங்கே அதுதான் நன்றி. அடுத்த நாளே எனக்கும் அந்த விரல் பழகிவிட்டது.

சென் ஐவ்ஸ் துறைமுகத்தில் கோர்னிஷ் பாஸ்ரி வாங்கினோம், உள்ளே கூட்டு வைத்துச் சுட்ட மாப்பண்டம். எங்கள் பற்றீசுக்கு அண்ணன்முறை. 2011இலிருந்து கோர்ன்வாலில் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று சட்டமே இருக்காம். அசலில் மாட்டிறைச்சி போடுவார்கள்; அம்மா சீஸும் வெங்காயமும் வைத்ததை எடுத்தா. ஒரு கடி கடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தா. உள்ளே கட்டைச் சம்பல். மிச்சத்தை ஒரு கடற்காகம் பறித்துக்கொண்டு போனது. உறைப்பென்றால் என்னவென்று அதற்கும் இப்போது தெரியும்.

ஈடன் புரொஜெக்ற்றில், பழைய களிமண் குழிக்குள் வெப்பநாட்டு மரங்கள் வளர்க்கக் கட்டிய கூடாரத்தில், அம்மா வாழை மரத்தடியில் கனநேரம் நின்றா. "ஒரு இலைகூடக் கிழியேல்லையப்பா" என்றா. காற்று அடிக்காத வாழையை அவ முன்னே பின்னே கண்டதில்லை.

பொட்டலக் என்ற இடத்தில் பாறை விளிம்பில் இரண்டு இயந்திர வீடுகள், சுரங்கத்து நீராவி இயந்திரங்கள் இருந்த கட்டிடங்கள், கூரையில்லாமல் நிற்கின்றன. தகரமும் செம்பும் தோண்டிய சுரங்கம் அங்கிருந்து கடலுக்கடியால் போனது. 1860களில் செம்பு விலை விழ, ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். கனபேர் போனது உன்ர அவுஸ்திரேலியாப் பக்கம்தான். அடிலெய்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் மூன்ரா என்று ஒரு ஊர் இருக்கிறதே, அங்கே இதே மாதிரி இயந்திர வீடுகள் நிற்குதாம். சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, ஒரு படம் அனுப்பு.

நான் சொல்ல வந்தது போர்த்கேர்னோவைப் பற்றி. பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் சின்னதொரு கடற்கரை. 1870இல் பம்பாய் வரைக்கும் போன கடலடித் தந்திக் கம்பி கரையேறியது அங்கேதான். முதலில் ஃபால்மத் துறைமுகத்தைத்தான் யோசித்தார்களாம், கப்பல் நங்கூரம் கம்பியை அறுத்துவிடும் என்ற பயத்தில் இங்கே மாற்றினார்கள். அதுவரை கப்பலில் கிழமைக்கணக்காய்ப் போன செய்தி நிமிசக்கணக்கில் போகத் தொடங்கியது. பிறகு ஒரு காலத்தில் 14 கம்பிகள் இந்த மணலுக்கடியால் வந்திருக்கின்றன. இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் குண்டுக்குப் பயந்து, தகரச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொண்டே மலையைக் குடைந்து கருவிகளை உள்ளே வைத்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

உன் அப்பப்பா யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் தந்தி அடித்தவர் என்று உனக்குத் தெரியும். ஒன்று சொன்னதில்லை. ஊரில் தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டாலே, உறையைப் பிரிக்க முதலே பெண்கள் குழறுவார்கள். அவர்கள் குழற ஒரு மணித்தியாலம் முன்பே அது அப்பப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சொல்லக்கூடாது, வேலை விதி. சில நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பார். ஆர் வீட்டுச் செத்தவீடு என்று அப்பம்மா கேட்கமாட்டா. தன் சொந்தத் தாய்மாமன் கொழும்பில் செத்த செய்தியையும் டக்கு டக்கென்று காதால் கேட்டு, கையெழுத்துப் பிசகாமல் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த அருங்காட்சியகச் சுரங்கத்துக்குள் தந்தி அடிக்கிற ஒரு பித்தளைக் கட்டையை விரலால் தட்டிப் பார்க்க விட்டார்கள். அப்பப்பா மேசை விளிம்பில் தட்டிப் பழக்கியது கொஞ்சம் நினைவிருந்தது. உன் பெயரை அடித்தேன். நடுவில் ஒரு எழுத்து பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

வரும்போது பிளிமத் பக்கத்தால், தாமர் பாலத்தால் வந்தோம். பக்கத்திலேயே புருனெல் 1859இல் கட்டிய ரெயில் பாலம், பார்க்க வடிவு. நாங்கள் வந்த பாலத்தால் கோர்ன்வாலுக்குள் போகக் காசில்லை, வெளியே வரத்தான் காசு. அம்மாவுக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. இனி எங்கட வீட்டுக்கும் அப்படி வைக்க வேணுமாம், நீ மார்கழியில் வந்துவிட்டுப் போகேக்க.

சின்னவனுக்கு எங்கள் முத்தம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: காரின் இடப்பக்கக் கண்ணாடியைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னால், "இடமிருக்கு" என்று சொன்னது ஆர் என்று கேள்.