வரலாற்றுக் காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் கைப்பேசி கேட்டு நச்சரிக்கும்போது, வெறும் விளையாட்டு வீடியோவுக்கு வரலாறு மேல் என்று எண்ணி, சோழர், பாண்டியர், கீழடி என்று ஏதேனும் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பலர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வரலாறு என்ற பெயரில் இன்று தமிழில் வந்து குவியும் காணொளிகளில் நம்பிக் காட்டத்தக்கவை எவை என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டாமா? பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

படத்தின் பளபளப்பையும் பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் ஒதுக்கிவிட்டு, 'இந்தச் செய்தி இவருக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்ற கேள்விக்குக் காணொளியில் பதில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கல்வெட்டு என்றால் எந்த ஊர்க் கல்வெட்டு, செப்பேடு என்றால் எந்தச் செப்பேடு, அகழாய்வு என்றால் எப்போது நடந்தது என்று பேசுபவர் சொல்ல வேண்டும். ஊகமாக இருந்தால் ஊகம் என்றே சொல்ல வேண்டும். 'ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்' என்று பெயரில்லாத ஆய்வாளர்களைச் சாட்சிக்கு அழைப்பதும், 'மறைக்கப்பட்ட உண்மை' என்று முகப்புப் படத்தில் சிவப்பு எழுத்தில் போடுவதும் சான்று ஆகா. (பத்தாம் வகுப்புப் பாடநூலில் இருப்பதையே மறைக்கப்பட்டது என்று கூவுகிறவர்களும் இருக்கிறார்கள்.)

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல், அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானைகளைக் கொண்டு ஏற்றினார்கள் என்ற மூன்றையும் சொல்லாத காணொளி அரிது. நிழல் விழத்தான் செய்கிறது. காலையிலோ மாலையிலோ போய் நின்றால் எவரும் பார்க்கலாம். உச்சியிலுள்ள சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. சாரப்பள்ளம் செவிவழிக் கதை. இவற்றுக்கே பத்து நிமிடம் போய்விடுவதால், அந்தக் கோயில் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்க நேரம் இல்லாமல் போகிறது. 'நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' கல்லில் வெட்டுக என்று முதலாம் இராசராசன் இட்ட ஆணை அந்த விமானத்திலேயே இருக்கிறது. அக்கன் என்றது தமக்கை குந்தவையை. உச்சியில் வைப்பதற்கான செப்புக்குடத்தை அரசன் கொடுத்தது தனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010ஆம் ஆண்டில், என்று நாள்கணக்கோடு பொறித்திருக்கிறார்கள். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேரும் எந்தெந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு யாருக்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல் என்பது வரை கணக்கு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தாள் என்று கேட்கும்போது பத்து வயதுப் பிள்ளையின் கண் விரிவதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். 80 டன் கல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை.

உத்திரமேரூர் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. 'உலகின் முதல் மக்களாட்சி' என்ற தலைப்பில் இவ்வூரைப் பற்றிக் குறுங்காணொளிகள் பல சுற்றுகின்றன. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய இரு கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாகச் சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இட்டு, சிறியவரும் பெரியவரும் கூடிய சபை நடுவே, கோயில் நம்பிமாரில் (பூசகர்களில்) மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். எடுத்ததை வாங்கும் கணக்கர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும். விரலுக்கிடையில் வேறோர் ஓலையை மறைத்துவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! பிள்ளைகளை நடிக்க வைத்தே கற்பிக்கக்கூடிய இந்தக் காட்சியை ஒரு நிமிடக் காணொளிகள் விட்டுவிடுகின்றன.

அவை விட்டுவிடும் இன்னொன்றும் உண்டு. ஓலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உடையவராயின் ஒரு வேதத்தோடு உரையும் கற்றிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (ஊர் நிருவாகக் குழுவில்) இருந்தவருக்கும், கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அது பிராமணர் சபை நிருவகித்த சதுர்வேதிமங்கலம். நிலமற்ற உழவருக்கோ வேதம் ஓதாத பிற சமூகத்தாருக்கோ அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. கணக்குக் காட்டாதவரின் உறவினரைக்கூட விலக்கிய கண்டிப்பை வியந்து பேசுகிற அதே மூச்சில், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் சொல்லும் காணொளி கிடைத்தால் தயங்காமல் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது, எந்தப் பக்கமாக இருந்தாலும், பாதிப் பாடம்தான்.

கீழடி பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. பத்தாயிரம் ஆண்டு என்று முழங்கும் காணொளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். 2600 ஆண்டே போதுமான பெருமை. கடலுக்குள் போன குமரிக்கண்டத்தைக் கணினி வரைகலையில் கண்டமாகவே காட்டுபவர்களும், அதற்கு அவர்கள் சூட்டும் லெமூரியா என்ற பெயரை 1864இல் சுகிலேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்கவே வைத்தார் என்பதையோ, கண்டங்கள் நகர்வதை நிலவியல் நிறுவியபின் அந்தக் கருத்து கைவிடப்பட்டது என்பதையோ சொல்வதில்லை. கடல்கோள் பற்றி இலக்கியமும் உரைகளும் சொல்வதை இலக்கியச் செய்தியாகச் சொன்னால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

திரைப்படம் வரலாறாக மாறிவிடுவது தனிச் சிக்கல். மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மனாக மீசை வரைந்து வரும் எந்தச் சிறுவனும் 1959இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த படத்தின் வசனத்தைத்தான் முழங்குகிறான். அது சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. கட்டபொம்மன் 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், அங்கே கைகலப்பு மூண்டதும், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், தமிழுக்கு நல்லது. ஆனால் அந்தக் காட்சியையே வெட்டி எடுத்து, பின்னணியில் 'உண்மையில் நடந்த உரையாடல்' என்று குரல் கொடுக்கும் காணொளியை என்னவென்று சொல்வது?

நிலப்படங்களைப் பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டும். இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைச் சொல்லும்போது தென்கிழக்காசியா முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசிச் சோழநாடு என்று காட்டிவிடுகிறார்கள். அரசனின் புகழைச் சொல்லும் கல்வெட்டு முன்னுரையான மெய்க்கீர்த்தி பட்டியலிடுவது படை சென்று வென்ற ஊர்களை. அங்கெல்லாம் சோழர் நிலையாக ஆட்சி நடத்தியதாகக் கொள்ள அது இடம் தருவதில்லை. அதற்கு ஒரு தலைமுறை முன்பு, கடாரத்தை ஆண்ட அதே ஸ்ரீவிஜய அரசமரபினர் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. நட்பு எப்படிப் பகையாயிற்று என்று கேட்கத் தூண்டும் காணொளியே உயர்நிலை வகுப்பு மாணவருக்கு ஏற்றது. இலங்கையின் அனுராதபுரத்தைச் சோழர் வென்றதை நாம் வெற்றி என்கிறோம். விகாரைகளைக் கொள்ளையிட்டுப் பொற்சிலைகளை எடுத்துச் சென்றார்கள் என்று சிங்களவரின் வரலாற்று நூலான சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் தாங்கும் வலு உண்டு.

கசப்பானாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. ஆண்ட பரம்பரை என்று தொடங்கி, ஓர் அரசனை ஒரு சாதிக்கு எழுதி வைத்து, அடுத்த சாதியை இழித்துப் பேசி முடியும் காணொளிகள் பிள்ளைகளின் கைப்பேசிக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன. ஒன்றைப் பார்த்தால் அதுபோல் இன்னும் பத்தைத் தள்ளிவிடுவது அந்தச் செயலிகளின் இயல்பு. இத்தகைய சேனலை வீட்டுக் கணக்கிலிருந்து நீக்குவதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை. கருத்துப் பகுதியைச் சற்று கீழே தள்ளிப் பார்த்தால் அந்தச் சேனலின் குணம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களும் இப்போது சேர்ந்துகொண்டன. இராசராசனின் முகத்தைத் துல்லியமாகக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். பெரிய கோயில் ஓவியத்தில் கருவூர்த் தேவருடன் இருப்பது அவர்தானா என்பதிலேயே அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. சோழர் காலத்துத் தஞ்சையைக் காட்டும் படத்தில் நாயக்கர் காலத்துப் பெரிய நந்தி அமர்ந்திருக்கும். அரண்மனை அடுக்களையில் சிவந்த மிளகாய் குவிந்திருக்கும். மிளகாயோ போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. இதற்கு ஒரு பயனும் உண்டு என்பேன்: குடும்பமாக அமர்ந்து பார்க்கும்போது படத்தை நிறுத்தி, இதில் காலத்துக்குப் பொருந்தாதது எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பிழையான காணொளியே நல்ல பாடமாகிவிடும்.

குடும்பமாக என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. கைப்பேசியில் தனியே பார்ப்பதைவிடத் தொலைக்காட்சித் திரையில் எல்லோரும் பார்ப்பது நல்லது. தாத்தாவோ பாட்டியோ அருகிலிருந்தால் கேள்விகளுக்குப் பஞ்சமிருக்காது. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் போர்க்களக் குருதியும் தூக்குமேடையும் வேண்டியதில்லை. நாணயம், பானை ஓடு, ஏரி, கடைத்தெரு என்று தொடங்கலாம். 1919இன் ஜாலியன் வாலாபாக்கையும், 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 1968இன் கீழ்வெண்மணியையும் பதின்பருவத்தில் கட்டாயம் அறிய வேண்டும், ஆனால் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே பார்த்துவிட்டு உடன் அமர்ந்து காட்ட வேண்டும். நீளமும் முக்கியம். ஒரு நிமிடத் துண்டில் சான்றைச் சொல்ல இடமில்லை. ஒரு மணிநேரச் சொற்பொழிவில் சிறுவர் நெளிவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சரியான அளவு என்பது என் அனுபவம்.

நல்ல காணொளிகள் இல்லாமலில்லை. கல்வெட்டு எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி ஒவ்வொரு சொல்லாகப் படிப்பவர்களும், அகழாய்வுக் குழியில் நின்றபடியே மண்ணடுக்கை விளக்குபவர்களும் தமிழில் இருக்கிறார்கள். பளபளப்பு குறைவாக இருப்பதால் அவை தேடலில் கீழே கிடக்கின்றன.

2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி நம்மிடம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. தொல்லியல் துறையில் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இம்மூன்றும் கைகோத்து, ஒரு கல்வெட்டுக்கு ஒரு காணொளி என்ற அளவில், மூலவரிகளைத் திரையில் காட்டிச் சிறுவருக்கான தொடர் ஒன்றை எடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு வரலாற்றுக் காணொளியை, எந்த வயதினருக்கு ஏற்றது, சான்று காட்டுகிறதா, எங்கே தவறுகிறது என்ற குறிப்புகளோடு வெளியிட்டால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். அவ்வாறு முன்கூட்டியே பார்த்துக் குறிப்பு எழுதித் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊதியமின்றியே முன்வருவோம். ஆசிரியர் குழு இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
செங்கல்பட்டு.