வெளுத்துப்போன பெட்ரோல் சீட்டு

மன்னார்குடி
மே 27

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பார்களா என்பதுதான் இங்கே கடைத்தெருவெல்லாம் பேச்சு. அண்ணன் குறுவைக்கு உழுது போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். உரம் விற்கிற எங்களுக்கும் இதுதான் காலம். விற்பனைப் பையன்கள் பைக்கை விட்டு இறங்குவதில்லை.

அவர்களுடைய செலவு பில் விவகாரத்தைத்தான் சொல்ல வந்தேன். போன வருடம் ஒரு பையன் மூன்று மாத பில்லைச் சேர்த்துவைத்துக் கொடுத்தான். பெட்ரோல் பங்க் சீட்டெல்லாம் சட்டைப்பை வெக்கையில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிட்டது. 'தெளிவாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினவன் நான்தான். அந்தப் பெட்ரோலை அவன் வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

இன்னொரு கூத்து கேள். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி நேரே போனால் முப்பது கிலோமீட்டருக்குள்தான். உள்கிராமத்துக் கடைகளில் ஏறி இறங்கினால் எழுபதைத் தாண்டும். முன்பெல்லாம் சென்னை ஆபீசில் மேப்பைப் பார்த்து மிச்சத்தை வெட்டிவிடுவார்கள்.

இப்போது காலையும் மாலையும் பைக் மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், கிலோமீட்டர் கணக்கில் பணம். டீ, சாப்பாட்டுக்கு தினப்படி. டீக்கடையில் எவன் பில் கொடுக்கிறான்? மேனேஜர் அந்தக் கணக்கை மூன்று நாளில் பார்க்காவிட்டால் தானாக என் மேசைக்கு வந்துவிடும். சனிக்கிழமை பட்டுவாடா. 'ஏமாற்றுவானுங்களே' என்றார் முதலாளி. பத்துக்கு ஒன்றை உருவி, போன கடைக்கே போன் போட்டு விசாரிக்கிறேன். இதுவரை ஒருவன்தான் மாட்டினான், அதுவும் நாற்பது ரூபாய்க்கு.

லாட்ஜ் பில்லில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பெனி ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லை வைத்து, லாட்ஜுக்குக் கொடுத்த வரியைக் கம்பெனி கட்டவேண்டிய வரியில் கழிக்க முடியாது. காரைக்காலில் தங்கினால் எண் இருந்தும் பயனில்லை. அது புதுச்சேரிக் கணக்கு, தமிழ்நாட்டுப் பதிவுக்கு அந்த வரி வராது. 'நாகப்பட்டினம் வந்து படுங்கடா' என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆபீசில் ஒரு டாக்சி பில்லுக்கு எத்தனை கையெழுத்து? எழுது. ஆடிப்பெருக்குக்கு வந்தால் பழைய படித்துறையில் உட்காரலாம், தண்ணீர் வந்திருந்தால்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்