அண்ணா, இந்த முறை டென்ஷனரையும் சேர்த்து மாற்றுகிறேன்

அண்ணா,

இன்னோவாவை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம் இது. வீட்டுக் கணக்கு எதையும் இதில் எழுதமாட்டேன். வண்டிக் கணக்கு மட்டும்.

மீட்டரில் 2,88,000 ஆகிறது. டைமிங் பெல்ட், அதாவது என்ஜினில் வால்வு நேரத்துக்குத் திறந்து மூட கேமைச் சுற்றுகிற பல் பெல்ட், கடைசியாக மாற்றியது 2014-ல், 1,46,000-ல். ஆக இப்போது உள்ளே இருக்கிற பெல்ட்டுக்கு 1,42,000 கிலோமீட்டர், பதினொரு வருஷம். "டி-பெல்ட் விளக்குதான் எரியலையே, என்ன அவசரம்?" என்று கேட்டாய். டாஷ்போர்டில் இருக்கிற அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, கிலோமீட்டரை எண்ணி எரிகிறது. உள்ளே ஆயில் சொட்டினாலும், கிரானைட் குவாரிப் பாதையின் தூசு பெல்ட் மூடிக்குள் புகுந்தாலும் அதற்குத் தெரியாது. பதினொரு வருஷமும் தெரியாது.

2014-ல் மாற்றினபோது அப்பா பெல்ட்டை மடித்துப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டறை மேஜை மேல் கழற்றிப் போட்ட பழைய பெல்ட்டை எடுத்தார். ரெண்டு விரலுக்கு நடுவில் பல் வெளியே தெரிகிற மாதிரி வளைத்து, வெயில் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பல்லின் அடியையும் நகத்தால் நெருடிக்கொண்டே போனார். ஒரு வெடிப்பும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு, இதை எதுக்குடா மாத்தினே?" என்றார். நீ வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாய், "மெக்கானிக்கும் பொழைக்கணும்லப்பா" என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். வெளியே தெரிகிறது ரப்பர். இழுவையைத் தாங்குவது உள்ளே ஓடுகிற கண்ணாடி இழைக் கயிறு. சூட்டிலும் வளைந்து வளைந்தும் அந்த இழை உள்ளுக்குள் தளர்ந்துபோகும், மேலே ஒரு கீறல்கூட இருக்காது. வெடிப்பு தெரிந்தால் கெட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. கிலோமீட்டரையும் வருஷத்தையும் வைத்துத்தான் மாற்றணும், கண்ணை நம்பி அல்ல.

இன்னொன்றும் அன்றைக்குச் சொல்லவில்லை. நீ முழு செட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தாய்: பெல்ட், அதைத் தொய்யாமல் இறுக்கி வைக்கிற டென்ஷனர், அது உருண்டு ஓடுகிற ஐட்லர். நான் மாற்றியது பெல்ட்டும் ஐட்லரும் மட்டும். டென்ஷனர் பழையதையே திருப்பிப் பூட்டினேன். எல்லாம் மாற்றியாச்சு என்று அப்பாவிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். மிச்சப் பணம் எங்கே போனது என்று இங்கே எழுத முடியாது. அந்த மாசம் வீடு எப்படி இருந்தது என்று அண்ணிக்குத் தெரியும். எனக்கென்று பத்து ரூபாய் எடுக்கவில்லை.

தப்புதான். ஆனால் சோதிக்காமல் பூட்டவில்லை. நம்ம வண்டியில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற டென்ஷனர். ரெண்டு கையாலும் பிடித்து, தண்டைத் தரையில் ஊன்றி பலம் கொண்ட மட்டும் அழுத்தணும். தண்டு உள்ளே போகக்கூடாது. சீல் ஓரத்தில் லேசாக ஈரம் இருந்தால் பரவாயில்லை, வழிந்தால் தூக்கிப் போடணும். அன்றைக்கு அது அசையவே இல்லை, ஈரமும் இல்லை. சோதனையில் தேறிய சாமானைத்தான் பூட்டினேன். ஆனாலும் வாங்கச் சொன்ன சாமானை வாங்காதது வாங்காததுதான், மன்னித்துவிடு.

போன மாசம் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டென்ஷனரைச் சுற்றி ஆயில் வழிந்து, தூசு ஒட்டி, களிம்பு மாதிரி அப்பிக் கிடக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரெண்டு மூணு விநாடி மூடிக்குள்ளிருந்து டக் டக் என்று கேட்கிறதே, பெல்ட் தொய்ந்து மூடியில் அடிக்கிற சத்தம் அது. இது முற்றினால் பெல்ட் அறுந்துபோகணும் என்றுகூட இல்லை, ஒரு பல் தாண்டினாலே டைமிங் போச்சு, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நேரம் ஒத்துப்போகாது.

அறுந்தால் என்ன ஆகும்? இந்த 2.5 டீசலில் பிஸ்டன் சுற்றுகிற கிராங்க்கிலிருந்து டீசல் பம்ப் வரைக்கும் கியர், அங்கிருந்து மேலே வால்வைத் திறக்கிற கேமுக்குத்தான் பெல்ட். பெல்ட் போனால் கேம் அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் போய் இடிக்கும். மொத்தம் பதினாறு வால்வு. வால்வு வளையும், வால்வு உட்கார்ந்திருக்கிற ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும். பெல்ட் வேலைக்கு நான் போட்டிருக்கிற எஸ்டிமேட் இருபத்திரண்டாயிரம். ஹெட் இறங்கினால் அது போல நாலு மடங்கு வைத்துக்கொள். என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகும். ரெண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடலும் கல்லாகிவிடும். திவசத்துக்கு ஒகேனக்கல் போக இந்த வண்டிதான் வேணும் என்று நீயே சொன்னாய். பென்னாகரம் தாண்டி அந்த இறக்கத்தில், அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, இந்த டென்ஷனரோடு இறங்க எனக்கு மனசில்லை.

வயசான வண்டிக்கு எதற்குச் செலவு என்கிறாய். 2009 வண்டி, 2024-ல் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை 2029 வரைக்கும் புதுப்பித்தது நான். நீ பணம் அனுப்பினாய், இல்லை என்று சொல்லவில்லை. அனுப்பியதோடு உன் பங்கு முடிந்தது என்று இருந்துவிட்டாய். நேரத்துக்கு ஆயில் மாற்றியது யார்? ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினது யார்? சரி, இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வாங்கியிருக்கிற சாமான்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், கேம் முன் ஆயில் சீல், ஃபேன் பெல்ட், கூலண்ட். சீல் சின்னச் சாமான்தான், ஆனால் அது கசிந்து ஆயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுப்போகும். வாட்டர் பம்ப் இந்தப் பட்டியலில் இல்லை. சில என்ஜினில் டைமிங் பெல்ட்தான் பம்ப்பைச் சுற்றும், அதில் யோசிக்காமல் சேர்த்து மாற்றணும். நம்ம வண்டியில் அது வெளிப் பெல்ட்டில் ஓடுகிறது. ஃபேனைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை, கசிவுத் துளையிலும் கறை இல்லை. கெடாததை மாற்றமாட்டேன். கூலண்ட்டில் கலக்க டிஸ்டில்ட் வாட்டர்தான். நம்ம ஊர் போர் தண்ணியை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்துவிடும். அப்பாகிட்ட எத்தனை தடவை சொல்லியும் குடத்தோடுதான் வந்து நிற்பார்.

புது பெல்ட்டை அவர் செய்த மாதிரி யாரும் மடித்துப் பார்க்கக்கூடாது. ஒரு தடவை ஒடித்து மடித்தால் உள்ளே இழை முறியும், ஆறு மாசம் கழித்து அந்த இடத்தில்தான் அறும். ஆயில் கையோடு தொடவும் கூடாது. பையிலிருந்து எடுத்து நேரே பூட்டணும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, டைமிங் மார்க்கை நேர் சேர்த்துவிட்டுத்தான் பெல்ட்டைக் கழற்றணும். பெல்ட் இல்லாத நேரத்தில் கேமையோ கிராங்க்கையோ தொடவே கூடாது, கையால் சுற்றினாலும் வால்வு இடிக்கும். டென்ஷனரின் ரெண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும். புதுசு பெரும்பாலும் பின் குத்தியே வரும். இல்லாவிட்டால் வைஸில் வைத்து மெதுவாக அமுக்கி, துளை நேரானதும் 1.27 மில்லிமீட்டர் அலன் கீ செருகணும். அவசரப்பட்டு அமுக்கினால் சீல் போய்விடும். பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கி, பின்னை உருவணும். பிறகு ஸ்பேனரால் கிராங்க்கைக் கடிகாரச் சுற்றில் ரெண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் திரும்பவும் நேருக்கு நேர் நிற்கிறதா பார்க்கணும். அரைப் பல் தள்ளி நிற்கிற மாதிரி தோன்றினாலும் கழற்றித் திரும்ப மாட்டணும். அதற்குப் பிறகுதான் சாவியைத் தொடுவது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். பழைய டென்ஷனரைக் கழற்றி உன் கையில் தருவேன். நீயே தரையில் ஊன்றி அழுத்திப் பார். புதுசின் பையை நீ வந்த பிறகுதான் பிரிப்பேன். ரெண்டு சுற்று நான் சுற்றுகிறேன், மார்க்கை நீ பார்த்துச் சொல்லணும். ஓசூரிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் வந்துவிடலாம். டார்ச் எடுத்துக்கொண்டு வா, பட்டறையில் இருப்பதற்கு பேட்டரி இல்லை.

உன் தம்பி